கம்மாலைக்குள் கொம்பிரசர்: மூன்று வருடம் பாவித்த பிறகு

அப்பாவின் வலது தோள் 2022 மார்கழியில் பூட்டிக்கொண்டது. ஐம்பது வருடம் சம்மட்டி தூக்கிய தோள். சட்டை போடுவதற்கே அம்மா உதவ வேண்டியிருந்தது. இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். வீடு வரும்வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாள் விடிய நான் எங்கள் கம்மாலைக்கு, அதாவது கொல்லன் பட்டறைக்குப் போனபோது அவர் எனக்கு முன்னமே வந்திருந்தார். கதிரையைப் பட்டடைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கறள் பிடித்த நங்கூரம் ஒன்றைக் காலுக்கு முன்னால் சாய்த்து வைத்து, இடது கையால் கம்பித் தூரிகை பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வரைக்கும் தேய்த்தார். நங்கூரத்தின் நாலு கொழுவியில் ஒன்றுகூட முடியவில்லை.

காற்றை இறுக்கித் தாங்கியில் அடைத்து, அந்தக் காற்றால் கை ஆயுதங்களை (கைக்கருவிகளை) ஓட்டுகிற யந்திரம் கொம்பிரசர். அன்றைக்கு இரவுதான் அதை வாங்குவது என்று முடிவெடுத்தேன். போன கிழமை மூதூரில் கம்மாலை வைத்திருக்கிற ஒரு தம்பி வந்து, "அண்ணன், ரெண்டு குதிரைவலு காணுமா?" என்று கேட்டார். ஒரு மணித்தியாலம் நின்று விளக்கம் சொன்னேன். அவருக்குச் சொன்னதையும், நேரம் போதாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது திருகோணமலையில் பாலையூற்றுப் பக்கம். பெரும்போகத்துக்கு முன்னம் தம்பலகாமத்திலிருந்தும் கந்தளாயிலிருந்தும் மண்வெட்டி, கோடரி, காட்டுக்கத்தி, ரொட்டவேட்டர் கத்தி வரும். அலவாங்கு நுனி நீட்டித் தோய்ச்சல் போடுகிற (சூட்டோடு தோய்த்துக் கடினமாக்குகிற) வேலை வருடம் முழுக்க இருக்கும். மற்றப் பாதி கடல் வேலை. சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி வள்ளங்களுக்கு நாலு கொழுவி நங்கூரம் அடிப்போம். கொட்பே துறைமுகத்தில் நிற்கிற பல நாள் படகுகளின் சங்கிலி, கொளுக்கி, இரும்புச் சாமான் திருத்துவதும் உண்டு. பழைய லொறி வில்லுத் தகடுதான் கத்திக்கு இரும்பு, சிரட்டைக்கரிதான் உலைக்கு. இந்த மாதிரி ஒரு கம்மாலையில் காற்று ஆயுதம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கராஜ் வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு.

காற்று ஆயுதம் இந்த ஊருக்குப் புதிதில்லை. அப்பப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். 1957 இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போகும்வரை அங்கேதான் இருந்தார். கப்பல் தகட்டுக்கு ஆணி இறுக்குகிற காற்றுச் சுத்தியலின் சத்தத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கையிலே பிடிச்சா பல்லுக்குள்ளே கேக்கும்" என்பார். அப்படிப்பட்டவர் வெளியே வந்து தோல் துருத்தியோடு தொடங்கிய கம்மாலைதான் இது. காற்றுக் குழாய் திரும்ப எங்கள் கைக்கு வர அறுபத்தைந்து வருடம் எடுத்திருக்கிறது.

முதலில் நான் வாங்கியது பிழையான சாமான். 2 குதிரைவலு, 24 லீட்டர் தாங்கி, மோட்டரும் பம்பும் நேரே பூட்டிய சின்னக் கொம்பிரசர். ஊர்க் கடைகள் எல்லாவற்றிலும் முன்னுக்கு அடுக்கி வைத்திருப்பது அதுதான். "எல்லா ஆயுதமும் ஓடும்" என்று கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். ரயருக்குக் காற்றடிக்க, சின்னதாகப் பெயின்ட் அடிக்க அது நல்ல சாமான். கம்மாலைக்கு உதவாது. ஏன் என்று விளங்க ஒரு சின்னக் கணக்குப் போதும். தாங்கி 8 பார் அழுத்தத்தில் நிரம்பி நிற்கிறது. 6 பாருக்குக் கீழே போனால் ஆயுதம் சோர்ந்துவிடும். அப்படியானால் நமக்குக் கிடைக்கிற இருப்பு 2 பார் மட்டும். 24 லீட்டரை இரண்டால் பெருக்கினால் 48 லீட்டர் காற்று.

ஆயுதப் பெட்டியில் "4 சி.எஃப்.எம்" என்று போட்டிருக்கும். நிமிடத்துக்கு 4 கன அடி, அதாவது 113 லீட்டர். அதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறோம். அநேகமான பெட்டிகளில் இருக்கிற அந்த இலக்கம், விசையை நாலில் ஒரு பங்கு நேரம் அழுத்துகிற ஆளுக்கான சராசரி. விசையை விடாமல் பிடித்தால் அதன் மூன்று, நாலு மடங்கு குடிக்கும். கராஜில் ஒரு நட்டைக் கழற்ற ஐந்து செக்கன் அழுத்திவிட்டு அடுத்த நட்டுக்குப் போவார்கள், அவர்களுக்கு அந்தச் சராசரி சரி. நாங்கள் ஒரு கோடரி முகத்தை மினுக்கும்போது விசையிலிருந்து விரல் எடுப்பதே இல்லை. சின்னத் தாங்கி கண் மூடித் திறப்பதற்குள் காலி. பிறகு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மோட்டருக்கு ஓய்வே கிடைக்காது. என்னுடையது ஆறாவது கிழமை சூடேறி நின்றது.

வால்வுத் தகடு போய்விட்டது என்று கடைக்குக் கொண்டுபோனேன். அந்தச் சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஐந்து கிழமை ஆனது. வந்தது வேறு மொடலின் தகடு. அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு நான் போகவில்லை. கடையின் பெயரை எழுதப்போவதில்லை, என் சண்டை அதோடு முடிந்தது. ஆனால் வாங்குகிறவர்கள் ஒன்று செய்யுங்கள்: காசு கொடுக்க முன்னம் "இதுக்கு வால்வுத் தகடு, பிஸ்டன் ரிங், வார்ப்பட்டி உங்களிட்ட இருக்கா? எடுத்துக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். எடுத்துக் காட்டுகிற கடையில் வாங்குங்கள், ஐயாயிரம் கூடினாலும் பரவாயில்லை.

இரண்டாவதாக வாங்கியதுதான் இன்றைக்கும் ஓடுகிறது. 3 குதிரைவலு, 100 லீட்டர் தாங்கி, இரட்டைச் சிலிண்டர், வார்ப்பட்டியில் ஓடுவது. சீனத் தயாரிப்புத்தான். நேரே பூட்டிய கொம்பிரசரை விட இது மெதுவாகச் சுற்றும், அதனால் சூடும் குறைவு, சத்தமும் குறைவு. அதே கணக்கில் தாங்கியில் இப்போது 200 லீட்டர் இருப்பு. பத்து சி.எஃப்.எம் அளவில் காற்றுத் தருகிறது. விடாமல் பிடித்து அரைக்க இதுவும் காணாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் வேலையில் இடைக்கிடை சாமானைத் திருப்பிப் பிடிக்க, பார்க்க, அளக்க நேரம் போகும். அந்த நேரத்துக்குள் தாங்கி நிரம்பிவிடுகிறது. மூதூர்த் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன்: ஆயுதத்துக்கு வைத்திருக்கிற காசில் பெரும் பங்கைக் கொம்பிரசரில் போடுங்கள், ஆயுதம் ஒன்றே ஒன்று வாங்குங்கள். மற்றது அடுத்த போகத்துக்கு வாங்கலாம்.

வைக்கிற இடம் முக்கியம். நான் முதலில் உலைக்குப் பக்கத்துச் சுவரோடு வைத்தேன். கரித்தூளும் சாம்பலும் காற்று வடிகட்டியை ஒரே கிழமையில் கறுப்பாக்கிவிட்டன. சூடான காற்றை இழுக்கிற கொம்பிரசர் காற்றும் குறைவாகத்தான் தரும். இப்போது வெளியே தெற்குப் பக்கம் தகரம் சாய்த்து, மூன்று பக்கம் காற்று வரக்கூடிய ஒரு சின்னக் கொட்டிலில் நிற்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புழுதி வரும், வடியைக் கிழமைக்கு ஒருமுறை கழற்றித் தட்டுவேன். அப்புறம் கரண்ட் விஷயம். 3 குதிரைவலு என்றால் ஏறக்குறைய 2.2 கிலோவாட், தொடங்குகிற நேரம் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். தனியாக ஒரு வயர் இழுத்து, தனி பிரேக்கர் போட்டேன். நீள எக்ஸ்டென்சன் வயரில் ஓட்டினால் மோட்டர் எரியும். தூரம் வேண்டுமென்றால் வயரை நீட்டாமல் ஹோஸை நீட்டுங்கள்.

அந்த ஹோஸும் உள்விட்டம் 10 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். கொம்பிரசரோடு இலவசமாகத் தருகிற சுருள் ஹோஸ் எவ்வளவு நல்ல ஆயுதத்தையும் கொன்றுவிடும், உள்ளே பாதை ஒடுக்கம். பிளாஸ்டிக் ஹோஸ் பாவிக்கவே கூடாது. அடிக்கும்போது தெறிக்கிற சிவந்த இரும்புச் செதில் ஒன்று விழுந்தால் ஓட்டை. றப்பர் ஹோஸை முகட்டு வளையில் கட்டி மேலிருந்து தொங்கவிட்டிருக்கிறேன், நிலத்தில் ஒரு முழம்கூடக் கிடக்காது. பூட்டுகளில் காற்றுக் கசிகிறதா என்று மாதம் ஒருமுறை சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்ப்பேன். 7 பாரில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை நிமிடத்துக்கு அறுபது, எழுபது லீட்டர் காற்றை விட்டுவிடும். என் கொம்பிரசர் தருவதில் நாலில் ஒன்று அது.

சரி, ஆயுதங்களுக்கு வருகிறேன்.

நான் வாங்கியதில் காசுக்கு முழுப் பெறுமதி தந்தது நீடில் ஸ்கேலர். எங்கள் கம்மாலையில் அதன் பெயர் ஊசிச் சுத்தியல், அப்பா வைத்த பெயர். ஒரு குழாய்க்குள் மூன்று மில்லிமீட்டர்த் தடிப்பில் பத்தொன்பது உருக்கு ஊசிகள். பின்னாலிருந்து பிஸ்டன் அடிக்க அடிக்க ஊசி ஒவ்வொன்றும் தன்பாட்டில் முன்னுக்குப் போய்வரும். மேடு பள்ளம் எப்படி இருந்தாலும் ஊசிகள் அதற்கேற்ப ஏறி இறங்கும். கம்பித் தூரிகை போகாத சங்கிலிக் கண்ணிக்குள், நங்கூரக் கொழுவிகள் சேர்கிற கவட்டுக்குள், வெல்டிங் மடிப்புக்குள் எல்லாம் அது போகும். கடல் கறள் சாதாரணக் கறள் இல்லை. அடுக்கடுக்காக வீங்கி, மேலே கல் மாதிரி இறுகி நிற்கும். ஊசி பட்டதும் பாளம் பாளமாகக் கழன்று விழும், கீழே வெளுத்த இரும்பு தெரியும். அப்பா அரை நாள் தேய்த்தும் முடிக்காத அந்த நங்கூரத்தை இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தோம். முடித்தது அப்பாதான். இடது கையால் பிடித்தார், பாரம் முழுவதும் நங்கூரத்தின் மேலே நிற்க, கை வழி காட்டினால் போதும். முடித்துவிட்டு விசையை விட்டார். சத்தம் நின்றதும் "இன்னொண்டு கொண்டா" என்றார். அந்த மாதத்தில் அவர் என்னிடம் தானாகப் பேசிய முதல் பேச்சு அது.

இதில் இன்னொரு நன்மையும் கண்டேன். போன வருடம் கொட்பேயிலிருந்து ஒரு பல நாள் படகின் சங்கிலி வந்தது. கறளோடு பார்த்தால் கண்ணிகள் எல்லாம் ஒரே தடிப்பு. ஊசி அடித்துச் சுத்தமாக்கி அளவுமானி வைத்துப் பார்த்தேன். இரண்டு கண்ணி ஒன்றோடொன்று உரசுகிற இடத்தில் நாலில் ஒரு பங்கு தேய்ந்திருந்தது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்த கண்ணியை நான் திரும்பக் கடலுக்கு அனுப்புவதில்லை. படகுக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) கிண்ணியாவிலிருந்து வந்து பார்த்தார், கண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வாடைக்காற்று நேரத்தில் அந்தச் சங்கிலியை நம்பித்தான் ஆறு பேர் இரவு தூங்கியிருப்பார்கள். தூரிகையால் தேய்த்திருந்தால் மேல் கறள் மினுங்கியிருக்கும், நானும் சரி என்று சொல்லிக் கொடுத்திருப்பேன்.

கவனிக்க வேண்டியவை சில. சுத்தமாக்கின இரும்பை அப்படியே விட்டால் எங்கள் கடற்காற்றில் பின்னேரத்துக்குள் மஞ்சள் படியும். காலையில் அடித்தால் மத்தியானத்துக்குள் ரெட் ஒக்சைட் பெயின்ட் பூசிவிட வேண்டும். பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். ஊசி நுனிகள் உருண்டுபோகும், சாணையில் மட்டமாக்கித் திரும்பப் போடலாம். கைக்கு அதிர்வு கூட. கால் மணித்தியாலம் அடித்தால் கொஞ்சம் விட்டுவிட்டுப் பிடிப்பது நல்லது. வருடக்கணக்காக இதே வேலை செய்தவர்களுக்கு விரல்கள் வெளுத்து மரத்துப்போகிற வருத்தம் உண்டு. அப்பாவை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நான் விடுவதில்லை. அவர் கோபிப்பார், பரவாயில்லை. காதுக்கு மூடி கட்டாயம் போட வேண்டும்.

இரண்டாவது டை கிரைண்டர். உள்ளங்கைக்குள் அடங்குகிற அரைப்புச் சாமான், அதன் நுனியில் பூட்டுகிற முள் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். கோடரிக்கும் மண்வெட்டிக்கும் பிடி போடுகிற துளையை உள்ளுக்குள் சீவி எடுக்க இதைப்போல ஒன்றும் இல்லை. முன்பு அரைவட்ட அரத்தால் ஒரு கோடரித் துளைக்கு நாற்பது நிமிடம் மினக்கெடுவேன். கார்பைட் முள் போட்டு இப்போது ஐந்து நிமிடம். துளை சீராக இருந்தால் பிடி ஆடாது, ஆடாத கோடரி ஆளை வெட்டாது. ஆனால் இதை வைத்துக் கத்தி முகம் அரைக்கலாம், தகடு வெட்டலாம் என்று நினைக்க வேண்டாம். அதற்கு நாலு அங்குல மின்சாரக் கிரைண்டர்தான். 850 வாட்டில் அது செய்கிற வேலையைக் காற்றில் செய்ய 2,200 வாட் கொம்பிரசர் இடைவிடாமல் ஓட வேண்டும், ஓடியும் பற்றாது. கொம்பிரசருக்குப் போகிற கரண்டில் பெரும் பங்கு சூடாகவே போய்விடுகிறது. ஆயுத முனையில் வேலையாக வருவது பத்தில் ஒன்று, ஒன்றரைதான். ஆகையால் மின்சாரக் கிரைண்டர் நுழைகிற இடத்தில் காற்றைச் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தோய்ச்சல் போட்ட கத்தி வாயில் டை கிரைண்டரை அழுத்திப் பிடித்தால் ஒரு நொடியில் நீலம் பாயும். நீலம் பாய்ந்தால் கிட்டத்தட்ட 300 பாகை சூடு, வாயின் கடினம் அங்கேயே போய்விட்டது. ஆயுதத்திலிருந்து வெளியேறுகிற காற்று குளிராக விரலில் படுவதால் இரும்பும் குளிராக இருக்கும் என்ற எண்ணம் வரும். தண்ணீர் வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

காற்று உளி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கறள் பிடித்து இறுகிய றிவெட் தலை வெட்ட, பழைய வெல்டிங் கொத்த நல்லது. சூட்டு இரும்பில் வேலைக்கு ஆகாது. கடையில் வருகிற உளிகள் சிவந்த இரும்பில் நாலைந்து அடிக்குள் தோய்ச்சல் இழந்து வாய் மடிகின்றன. வில்லுத் தகட்டில் நானே இரண்டு அடித்துப் பார்த்தேன், அவையும் கொஞ்ச நேரம்தான் தாங்கின. அப்பாவின் பழைய சூட்டு உளியும் ஒரு ஆளின் சம்மட்டியும் அந்த வேலையை இன்னும் துப்புரவாகச் செய்கின்றன.

காற்றை ஊதுகிற புளோ கன் இருக்கிறதே, இருநூறு பக்கம் எச்சரிக்கை எழுத வேண்டிய சாமான் அது. எல்லாரும் விளையாட்டுப் பொருளாக நினைப்பதால்தான் பயம். பட்டடையில் உதிர்ந்த செதிலை ஊதித் தள்ள, துளைக்குள் இருக்கிற தூளை எடுக்க வசதி. ஒருநாள் என்னிடம் வேலை பழகுகிற பையன் முழு அழுத்தத்தில் சட்டைப் புழுதியைத் தட்டத் தொடங்கினான். பாய்ந்து போய் ஹோஸைக் கழற்றினேன். ஏசவில்லை, உட்கார வைத்துச் சொன்னேன்: தோலில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் அந்த வழியாகக் காற்று உள்ளே புகும், இரத்தத்துக்குள் போனால் உயிர் போகும். கொல்லன் கையில் கீறல் இல்லாத நாள் எது? அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதியில், துப்புரவுக்குக் காற்றை 30 பி.எஸ்.ஐக்கு (ஏறக்குறைய 2 பாருக்கு) கீழே குறைத்துத்தான் பாவிக்க வேண்டும் என்று இருக்கிறது. நானும் புளோ கன்னுக்குத் தனி ரெகுலேட்டர் வைத்து அந்த அளவில் பூட்டிவிட்டேன். சூடான செதிலை ஊதவே கூடாது. எதிரில் நிற்பவரின் கண்ணில்தான் போய் விழும். அதற்குத் தென்னம் ஈர்க்குக் கட்டு போதும்.

கொம்பிரசர் இருந்தால் உலைக்கும் அதையே கொடுக்கலாமே என்று கேட்காத ஆளில்லை. நானும் செய்து பார்த்தேன். கரி நடுவில் குழி விழுந்து நெருப்புப் பொறி கூரை வரை போனது, இரும்பு ஒரு பக்கம் வெள்ளையாய் எரிந்து மற்றப் பக்கம் கறுப்பாய்க் கிடந்தது. உலைக்கு வேண்டியது நிறையக் காற்று, மெல்லிய தள்ளல். உலைக்குக் காற்றடிக்கிற ஊதி தருகிற அழுத்தத்தைத் தண்ணீர்க் குழாயில் அளந்தால் சில அங்குலம் ஏறும், அவ்வளவுதான். ஒரு பி.எஸ்.ஐ என்றாலே 28 அங்குலத் தண்ணீர். கொம்பிரசர் 100 பி.எஸ்.ஐக்கு மேலே இறுக்கி வைத்திருக்கிற விலைகூடிய காற்றைக் கரியில் கொட்டுவது வீண். என்னுடைய உலைக்குச் சின்ன மின் ஊதி ஒன்றும், கையால் சுற்றுகிற பழைய ஊதி ஒன்றும் இருக்கின்றன. அந்தப் பழையதைக் கழற்றி விற்க நான் சம்மதிக்கவே மாட்டேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம் அல்லவா, அப்போது இந்தப் பக்கத்தில் வெல்டிங் கடைகள் எல்லாம் மூடிக் கிடக்க, எங்கள் உலை மட்டும் கைச் சக்கரத்தில் எரிந்தது.

இனித் தண்ணீர். மூன்று வருடத்தில் நான் படித்த பெரிய பாடம் இதுதான், கடலோரத்தில் இருக்கிற எல்லாரும் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். எங்கள் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது. அதை எட்டு, ஒன்பது மடங்கு இறுக்கினால் ஈரம் தாங்கமுடியாமல் தண்ணீராக விழும். மாரியில் 30 பாகை வெப்பத்தில், என் அளவுக் கொம்பிரசர் விடாமல் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு லீட்டர் தண்ணீர் சேரும். முதல் வருடம் நான் இதைப் பொருட்படுத்தவில்லை. தை மாதம் ஒருநாள் டை கிரைண்டரின் வாயால் காவிநிறத் தண்ணீர் தெறித்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பெயரிங் கறள், சிறகுத் தகடுகள் வீங்கி ஒட்டிக்கிடந்தன. எட்டு மாதம் ஓடிய ஆயுதம். அது வாங்கிய காசு ஒரு கிழமைக் கரிச் செலவுக்கு மேல்.

அதற்குப் பிறகு செய்தது இவ்வளவு. ஒவ்வொரு நாளும் பின்னேரம் தாங்கியின் அடிக் குழாயைத் திறந்து தண்ணீரை விட்டு, திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். தாங்கி உள்ளே கறள் பிடித்து மெலிந்தால் அது ஒரு குண்டு. கொம்பிரசரிலிருந்து கம்மாலைக்குள் வருகிற பாதையில் முப்பது அடி இரும்புக் குழாய் போட்டு, ஏற்றி இறக்கி, பதிந்த இடத்தில் தண்ணீரைப் பிரித்துப் பிடிக்கிற பொறி ஒன்று வைத்தேன். காற்று குழாயில் ஆறினால்தான் தண்ணீர் பிரியும். கொம்பிரசர் வாயிலேயே பொறியைப் பூட்டினால் சூட்டுக் காற்று ஆவியோடு தாண்டிப் போய்விடும். இந்தப் பிழையைப் பல இடங்களில் பார்க்கிறேன். பி.வி.சி குழாயைக் காற்றுக்கு ஒருபோதும் போடாதீர்கள், வெடித்தால் கத்தி மாதிரித் துண்டு பறக்கும். காலையில் ஆயுதத்தின் வாயில் காற்று ஆயுத எண்ணெய் நாலு சொட்டு, பின்னேரம் வைக்கும்போது நாலு சொட்டு. எஞ்சின் ஒயில் விட வேண்டாம், அது பிசினாகி ஒட்டும். இந்த ஒழுங்குக்கு வந்த பிறகு வாங்கிய டை கிரைண்டர் இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. சேப்டி வால்வின் வளையத்தையும் கிழமைக்கு ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன்.

காற்றோடு மணல் அடித்துக் கறள் எடுக்கிற வேலை எடுக்கலாமே என்று ஹோட்டல்காரர் ஒருவர் கேட்டார், இரும்பு வேலிக்கு. மறுத்துவிட்டேன். எட்டில் ஒரு அங்குல நொசிலுக்கே பதினைந்து சி.எஃப்.எம்முக்கு மேல் வேண்டும், என்னிடம் அது இல்லை. காற்று இருந்தாலும் செய்திருக்க மாட்டேன். சாதாரண மணலை உடைத்துப் பறக்கவிட்டால் வருகிற தூள் நெஞ்சுக்குள் போய் ஆறாத நோயாக நின்றுவிடும். என்னிடம் பழகுகிற பையனுக்கு வயது பத்தொன்பது.

மொத்தத்தில் யாருக்கு இது சரி? கத்தி, மண்வெட்டி மட்டும் அடிக்கிற கம்மாலை என்றால் நல்ல மின்சாரக் கிரைண்டர் இரண்டும் உலைக்கு ஒரு ஊதியும் போதும், கொம்பிரசர் வேண்டாம். சம்மட்டி வேலையைக் குறைக்க வேண்டும் என்று தேடுகிறவர்கள் இந்தக் கை ஆயுதங்களை நம்பி வராதீர்கள், சூட்டு இரும்பை அடிக்க இவற்றால் முடியாது. அதற்குப் பவர் ஹாமர் என்று தனி யந்திரம் உண்டு, தன் காற்றைத் தானே இறுக்கி அடிக்கிற வகை. அதன் விலை என் கைக்கு எட்டவில்லை. கடல் இரும்பு, பழைய இரும்பு, கறள் இரும்பு வருகிற கம்மாலை என்றால், 100 லீட்டருக்குக் குறையாத வார்ப்பட்டிக் கொம்பிரசரும் ஒரு நீடில் ஸ்கேலரும் வாங்குங்கள். என் கணக்கில் கொம்பிரசர், குழாய், ஸ்கேலர் எல்லாம் சேர்த்துப் போட்ட காசு ஒன்றரை வருடத்தில் திரும்பியது. நங்கூரமும் சங்கிலியும் துப்புரவாக்குகிற வேலை முன்பு மாதத்துக்கு இரண்டோ மூன்றோ வரும். இப்போது கிழமைக்கு நாலு.

மூதூர்த் தம்பி போகும்போது ஊசிச் சுத்தியலைக் கையில் பிடித்துப் பார்க்கக் கேட்டார். அப்பா கதிரையிலிருந்து எழும்பி, ஹோஸைப் பூட்டி, காது மூடியை முதலில் அவர் தலையில் மாட்டிவிட்டு, பிறகுதான் ஆயுதத்தைக் கொடுத்தார்.